வீட்டுச் செடி வாடுகிறதா? பூச்சியா, பூஞ்சையா, எப்படிக் கண்டுபிடிப்பது?

மணி பிளாண்ட் இலை மஞ்சளாகிறது. தாழ்வாரத்தில் வைத்த கறிவேப்பிலையில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது. உடனே கையில் கிடைத்த மருந்தை அடித்துவிடலாமா?

கொஞ்சம் பொறுங்க. பெரும்பாலான பூச்சி மருந்துகள் பூஞ்சையை ஒன்றும் செய்யாது. வேர் அழுகிய செடிக்கு மேலும் தண்ணீர் ஊற்றினால் அது இன்னும் சீக்கிரம் சாகும். முதலில் காரணம், பிறகுதான் சிகிச்சை.

சிங்கப்பூரில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் அதிகம். குளிர்காலமும் கிடையாது. அதனால் இந்தத் தொல்லைகள் ஆண்டு முழுவதும் வரலாம்.

பூச்சியா?

இலையைத் திருப்பிப் பாருங்கள். பூச்சிகள் பெரும்பாலும் இலையின் அடியிலும் காம்பு தண்டுடன் சேரும் இடுக்கிலும்தான் ஒளிந்திருக்கும்.

- மாவுப்பூச்சி: பஞ்சுத் துணுக்கு போல வெள்ளையாக இருக்கும். இலை பிசுபிசுக்கும், எறும்பும் வரும்.
- செதில் பூச்சி: தண்டில் பழுப்பு நிறப் பொட்டுகள். நகத்தால் சுரண்டினால் கழன்று வரும்.
- சிலந்திப் பேன்: இலையில் ஊசியால் குத்தியதுபோல் வெளிர்ப் புள்ளிகள், மெல்லிய வலை. ஏர்கான் அறையின் வறண்ட காற்று இதற்கு ரொம்பப் பிடிக்கும். வெள்ளைத் தாளின்மீது இலையைத் தட்டுங்கள். விழும் புள்ளிகள் நகர்ந்தால் இதுவாக இருக்கலாம்.
- இலைப்பேன்: வெள்ளி நிறக் கீறல்கள், நடுவே சிறு கரும்புள்ளிகள். அவை அதன் எச்சம்.
- மண்ணைச் சுற்றும் குட்டிக் கறுப்பு ஈ: மண் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்பதற்கான அடையாளம்.

பூஞ்சையா?

- இலைப்புள்ளி: பழுப்புப் புள்ளி, அதைச் சுற்றி மஞ்சள் வளையம். நாளுக்கு நாள் பெரிதாகும்.
- சாம்பல் நோய்: இலைமேல் மாவு தூவியதுபோல் இருக்கும். மாவுப்பூச்சி திட்டுத் திட்டாக இருக்கும், இதுவோ பரவலாகப் படியும்.
- கறுப்புப் படலம்: துடைத்தால் போய்விடும். பூச்சி விடும் இனிப்பு நீரில் வளரும் பூஞ்சை இது. பூச்சியை ஒழித்தால் இதுவும் நிற்கும்.
- வேர் அழுகல்: மண் ஈரமாக இருக்கும், ஆனாலும் செடி வாடும். "தண்ணி பத்தலை போல" என்று நினைத்து இன்னும் ஊற்றுவதுதான் பலரும் செய்வது. விரலை 3 சென்டிமீட்டர் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம்.

சரி, என்ன செய்யலாம்?

1. செடியை மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். இதை முதல் நாளே செய்வது முக்கியம்.
2. பூச்சி என்றால், இலையின் இரு பக்கமும் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். மாவுப்பூச்சியை 70 விழுக்காட்டு ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைக்கலாம்.
3. 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லிலிட்டர் மென்மையான திரவ சோப்பு கலந்து தெளியுங்கள். செடிக்கான வேப்பெண்ணெயும் உதவும். முதலில் ஒரே ஓர் இலையில் சோதித்து, மறுநாள் பாருங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகலாம், மாலை நேரம் நல்லது.
4. ஒரு தடவையோடு நிறுத்தாதீங்க. முட்டைகள் தப்பிவிடும். வாரம் ஒருமுறை, 3 அல்லது 4 வாரம் தொடருங்கள்.
5. பூஞ்சை என்றால், பாதித்த இலைகளை வெட்டிக் குப்பையில் போடுங்கள். கத்தரிக்கோலை ஆல்கஹாலால் துடையுங்கள். இலைமேல் படாமல் மண்ணில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள், காற்றோட்டம் கொடுங்கள்.
6. வேர் அழுகல் என்றால், செடியை வெளியே எடுத்து, கொழகொழப்பான பழுப்பு வேர்களை வெட்டுங்கள். அடியில் துளையுள்ள தொட்டியில் புது மண்ணில் நடுங்கள்.

சமையலுக்குப் பறிக்கும் செடியா?

கறிவேப்பிலை, துளசி, புதினா ஆகியவற்றுக்குத் தண்ணீரும் சோப்புக் கரைசலுமே போதும். பறித்த இலைகளை நன்றாகக் கழுவிய பிறகே பயன்படுத்துங்கள். கடை மருந்து வாங்கினால், உண்ணும் செடிக்கு ஏற்றதா, எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதை லேபிளில் படியுங்கள். குழந்தைகளும் செல்லப் பிராணிகளும் இருக்கும் வீட்டில் மருந்தை எட்டாத இடத்தில் வையுங்கள்.

வேர் முழுவதும் அழுகிவிட்டால் செடியைக் காப்பாற்றுவது கடினம். மணி பிளாண்ட் போன்ற கொடியாக இருந்தால், நல்ல தண்டு ஒன்றை வெட்டித் தண்ணீரில் வைத்துப் புது வேர் விட வைக்கலாம். மீதியைப் பையில் கட்டி வீசிவிடுங்கள்.

இன்னொன்று, தொட்டிக்கு அடியில் உள்ள தட்டில் தேங்கும் தண்ணீரை அடிக்கடி கொட்டிவிடுங்கள். அது வேரையும் அழுகவைக்கும், டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கும் இடம் கொடுக்கும்.