கொசு கடிச்சா ஏன் இப்படி அரிக்குது? பெரம்பலூர், அரியலூர்வாசிகள் தெரிஞ்சுக்க வேண்டியவை!

மழைக்காலம் வந்துட்டா ஜெயங்கொண்டம், திருமானூர் பக்கமெல்லாம் சாயங்காலம் வாசல்ல நிம்மதியா உட்கார முடியாது. ஒரு கையில போன், இன்னொரு கையால காலைச் சொறிஞ்சுக்கிட்டே இருப்பீங்க. பக்கத்துல இருக்கிற அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது. `உனக்கு இனிப்பு ரத்தம்'னு கிண்டல் வேற. ரத்தத்தோட இனிப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. நாம விடுற மூச்சுல இருக்கிற கார்பன் டை ஆக்ஸைடு, உடல் சூடு, வியர்வை வாடை... இதையெல்லாம் வெச்சுத்தான் கொசு நம்மைத் தேடி வருது.

கடிக்கிறது பெண் கொசு மட்டும்தான். முட்டை உருவாக அதுக்கு ரத்தத்துல இருக்கிற புரதம் வேணும். அதோட வாய், பார்க்க ஒரே ஊசி மாதிரி தெரிஞ்சாலும் உள்ளே ஆறு மெல்லிய ஊசிகள். அதுல ஒண்ணு வழியா எச்சிலை நம்ம தோலுக்குள்ள விடும். குடிச்சு முடிக்கிற வரைக்கும் ரத்தம் உறையாம பார்த்துக்கிறது அந்த எச்சில்தான். ஆனா, அதுல இருக்கிற புரதங்களை நம்ம நோய் எதிர்ப்பு சக்தி எதிரியா நினைச்சு, ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைச் சுரக்க வைக்குது. ரத்தக்குழாய் விரிஞ்சு நீர் கசியும், அதுதான் தடிப்பு. நரம்பு தூண்டப்படும், அதுதான் அரிப்பு. ஆக, அரிப்பைக் கிளப்புறது கொசுவைவிட நம்ம உடம்புதான்!

பல வருஷமா ஒரே வகைக் கொசுகிட்ட கடி வாங்கினவங்களுக்கு உடம்பு பழகி, தடிப்பு குறைஞ்சுடும். அப்பா அசையாம உட்கார்ந்திருக்கிற ரகசியம் பெரும்பாலும் இதுதான். சின்னக் குழந்தைகளுக்கு இந்தப் பழக்கம் வராததால பெருசா வீங்கும். சிலருக்கு வீக்கத்தோட காய்ச்சலும் வரலாம்.

கடிச்ச இடத்தை சோப்பு போட்டுக் கழுவுங்க. துணியில சுத்தின ஐஸ்கட்டியை 10 நிமிஷம் வைங்க. காலமைன் லோஷன் தடவலாம். அப்பவும் அரிப்பு அடங்கலைன்னா, டாக்டரைக் கேட்டு செட்ரிசின் மாதிரி மாத்திரை எடுக்கலாம், தூக்கம் வரும்கிறதால பைக் ஓட்டக் கூடாது. சுண்ணாம்பு, டூத் பேஸ்ட் தடவுறதை விட்டுடுங்க, தோல் வெந்து புண்ணாகும். மெடிக்கல் ஷாப்ல `அரிப்புக்கு ஒரு க்ரீம் கொடுங்க'னு கேட்டு வாங்குறதுதான் பெரிய ஆபத்து. அதுல பல க்ரீம்கள்ல வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். தொடர்ந்து தடவினா தோல் மெலிஞ்சுடும். முகத்துல தடவவே கூடாது. சொறிஞ்ச இடம் சூடா, சிவந்து, சீழ் வெச்சா டாக்டரைப் பாருங்க. கடிச்ச கொஞ்ச நேரத்துல மூச்சுத்திணறல், உதடு வீக்கம் வந்தா 108-க்கு உடனே போன் பண்ணணும். அது அபூர்வம்தான், ஆனா காத்திருக்கிற விஷயம் இல்லை.

பெரம்பலூர் வறண்ட பூமி. தண்ணி வர்ற அன்னிக்கே டிரம், சிமென்ட் தொட்டி, குடம்னு எல்லாத்துலயும் பிடிச்சு வைப்போம். டெங்குவைப் பரப்புற ஏடிஸ் கொசுவுக்கு அந்த நல்ல தண்ணிதான் பிரசவ வார்டு! மூடி போட்டா மட்டும் போதாது. தண்ணி வத்தினாலும் முட்டைகள் தொட்டிச் சுவர்ல ஒட்டிக்கிட்டு மாசக்கணக்குல உயிரோட இருக்கும். அதனால வாரம் ஒருமுறை பிரஷ் போட்டு அழுத்தித் தேய்ச்சுக் கழுவணும். இந்தக் கொசு பகல்லதான் கடிக்கும். ராத்திரி மட்டும் வலை கட்டினா இதுகிட்ட தப்பிக்க முடியாது. முழுக்கை சட்டை, டீட் அல்லது பிகாரிடின் கலந்த கொசு விரட்டி உதவும். கொசுவத்திச் சுருளை மூடின அறையில கொளுத்தாதீங்க. அந்தப் புகை நுரையீரலுக்கு நல்லதில்லை.

கொள்ளிடக் கரையோர வயல் பக்கம் கதை வேற. நெல் வயல்ல தேங்குற தண்ணியில வளர்ற க்யூலெக்ஸ் கொசு, பன்றி, கொக்குகள்ட்ட இருந்து ஜப்பானிய மூளைக்காய்ச்சலை மனுஷங்களுக்குக் கொண்டுவரும். இந்தியாவுல இந்த நோய் 1955-ல் வேலூர் பகுதியிலதான் முதல்ல கண்டறியப்பட்டது. பெரம்பலூர், அரியலூர் ரெண்டுமே பாதிப்புள்ள மாவட்டங்கள் பட்டியல்ல இருக்கு. அதனால, 9 மாசம் முடிஞ்சதும் ஒண்ணு, 16 முதல் 24 மாசத்துக்குள்ள இன்னொண்ணுன்னு குழந்தைகளுக்கு அரசே இலவசமா தடுப்பூசி போடுது. உங்க வீட்டுக் குட்டியோட தடுப்பூசி அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்க. விடுபட்டிருந்தா கிராம சுகாதார செவிலியர்கிட்ட கேளுங்க.

கடிக்கு அப்புறம் சில நாள்ல காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால வலி, உடம்பு வலின்னு வந்தா ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளை நீங்களா போடாதீங்க. டெங்குவா இருந்தா ரத்தக்கசிவு அதிகமாகும். பாராசிட்டமால் போட்டுக்கிட்டு, நிறைய தண்ணி குடிச்சு, அன்னிக்கே ரத்தப் பரிசோதனைக்குப் போங்க.