கூட வந்தவர் யாரு?

அமெரிக்காவுல நடக்குற மறதிநோய் ஆய்வுகள் பலதுல ஒரு நிபந்தனை உண்டு மக்களே: நோயாளியை நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் கூட வரணும். வழக்கமா வர்றது கணவன், மனைவி, இல்லேன்னா பிள்ளைங்க.

சரி, தன்பாலீர்ப்புள்ள முதியவரோட யார் வருவா? அந்த ஈர்ப்பை மனநோய்ப் பட்டியல்லேர்ந்து அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் எடுத்ததே 1973ல தான். சில மாநிலங்கள்ல 2003 வரைக்கும் தன்பாலின உடலுறவு குற்றம். நாடு முழுக்கத் திருமண உரிமை கிடைச்சது 2015ல. டாக்டர்கிட்ட மறைச்சு, துணைவரை 'நண்பர்'னே சொல்லிப் பழகினவங்க அந்தத் தலைமுறையில நிறையப் பேர். பலருக்குப் பிள்ளைகளும் இல்ல.

நாப்பது வருஷம் கூடவே இருந்து, இன்னிக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்குற அந்த 'நண்பரை' விட்டுட்டுப் பண்ற ஆராய்ச்சி அரைகுறைதான்னு நான் நினைக்கிறேன். நினைவு போனப்புறம் அவர் கதையைச் சொல்ல வேற யாரு இருக்கா?