வாத்தின் இறகும் சென்னையின் தண்ணீரும்

வாத்தின் தோல் நோய்க்கும் இறகுக் கோளாறுக்கும் முதல் மருந்து தண்ணீர். வாலடியில், முதுகு முடியும் இடத்தில், சிறிய எண்ணெய்ச் சுரப்பி ஒன்று உண்டு. வாத்துக் கறி சமைப்பவர்கள் வாடை வராமலிருக்க அதைத்தான் முதலில் வெட்டி எறிவார்கள். உயிருள்ள வாத்து அலகை அதில் தேய்த்து எண்ணெயை எடுத்து, மார்பு, விலா, இறக்கை என்று ஒவ்வோர் இறகாகக் கோதி விடுகிறது. இறகின் நுண்கிளைகள் கொக்கி கோத்ததுபோல ஒன்றையொன்று பற்றி நிற்பதால்தான் தண்ணீர் உள்ளே இறங்காமல் உருண்டு ஓடுகிறது. அந்தக் கிளைகள் காய்ந்து முறியாமல் எண்ணெய் காக்கிறது. தலையை முக்கி எடுக்கத் தண்ணீர் இல்லாத வாத்து சரியாகக் கோதுவதில்லை. கோதாத இறகில் எச்சமும் சேறும் ஒட்டுகின்றன. உள்ளிருக்கும் தூவி நனைகிறது. ஈரத்தோலில் புண்ணும் பேனும் குடியேறுகின்றன. அதனால் தென்சென்னையில் வாத்து வைத்தியத்தின் வரலாறு, அங்கே தண்ணீர் இருந்ததும் இல்லாமல் போனதுமான வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது.

இன்றைய தியாகராய நகர் இருக்கும் இடத்தில் 1920களின் தொடக்கம்வரை ஏரி இருந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே சைதாப்பேட்டைப் பக்கமாக, மவுண்ட் ரோட்டுக்கு மேற்கில் நீண்டு கிடந்த அந்த நீர்ப்பரப்பை ஆங்கிலேயர் ‘லாங் டேங்க்’ என்றார்கள். அதற்கு அப்பால் மாம்பலம் கிராமம். கிழக்கே மயிலாப்பூரின் குளங்கள். தெற்கே அடையாற்றின் கழிமுகம். அதையும் தாண்டினால் வேளச்சேரி ஏரியும் பள்ளிக்கரணைச் சதுப்பும். காட்டு வாத்துகளுக்கே இடம் தந்த நிலம் இது. புள்ளிமூக்கு வாத்து இன்றும் பள்ளிக்கரணையில் நீந்துகிறது. இப்படிப்பட்ட ஊரில் கொல்லை வாத்துக்குத் தனியாகக் குளியல் ஏற்பாடு யாரும் செய்ய வேண்டியதில்லை. காலையில் திறந்துவிட்டால் அது தானே தண்ணீரைத் தேடிப் போகும். மாலையில் இறகு பளபளக்கத் திரும்பி வரும்.

வாத்தை நன்றாக அறிந்தவர்கள் பட்டணத்துக்கு வெளியே இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆரணி, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கத்து வாத்துக்காரர்கள் அறுவடை முடிந்த வயல்களில் நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரக்கணக்கில், வாத்துகளை ஓட்டிச் செல்பவர்கள். உதிர்ந்த நெல்லும் நத்தையும் புழுவும் வாத்துக்குத் தீனி, எச்சம் வயலுக்கு எரு. இரவில் வலை கட்டிப் பட்டி போடுவார்கள், மேய்ச்சல் முடிந்ததும் வேறு ஊருக்கு நகர்வார்கள். இந்த நகர்தலே பெரிய தோல் வைத்தியம். ஒரே இடத்தில் வாரக்கணக்கில் அடைத்தால் மண்ணில் சேரும் கிருமிகளுக்கு இங்கே பெருக நேரமில்லை. முட்டையை அடைக்கோழியின் கீழ் வைத்து 28 நாளில் பொரிக்க வைப்பதும் அவர்களுக்குப் பழகிய கைவேலை. அப்படிப் பிறந்த குஞ்சைத் தொடக்க நாட்களில் ஆழத் தண்ணீரில் விடக்கூடாது. தூவி நனைந்தால் குளிரிலேயே சுருண்டு விழுந்துவிடும்.

ஏட்டுச்சுவடி வைத்தியத்தில் மாட்டுக்கும் குதிரைக்கும் யானைக்கும் கிடைத்த இடம் வாத்துக்குக் கிடைக்கவில்லை. மாட்டு வாகடங்களைப் பலரும் படியெடுத்தார்கள். வாத்து வைத்தியமோ பெரும்பாலும் வாய்வழியாகவே வந்தது. செள்ளு என்னும் இறகுப் பேன் பிடித்ததா என்று பார்க்கும் முறை எளிது. வெயிலில் வாத்தை மடியில் மல்லாத்தி, இறக்கைக்கு அடியிலும் எச்சத் துவாரத்தைச் சுற்றியும் இறகை எதிர்ப்பக்கமாகத் தள்ளினால், வெளிச்சம் பட்டதும் மங்கிய மஞ்சள் பூச்சிகள் தண்டோரம் ஓடி மறையும். இறகுகளில் முட்டைகள் வெள்ளையாக ஒட்டியிருக்கும். இதற்குக் கைவசம் இருந்தவை வேப்பெண்ணெய், வசம்புப் பொடி, சீத்தாப்பழ விதைத் தூள், புகையிலைத் தண்ணீர், அடுப்புச் சாம்பல்.

இவை பயன்படும், ஆனால் கவனம் தேவை. சீத்தா விதை செள்ளைக் கொல்லும். கண்ணில் ஒரு துகள் பட்டாலும் கருவிழியைப் புண்ணாக்கும். புகையிலையின் நஞ்சு தோல்வழியே உள்ளே போகும், சிறு பறவைக்கு அதுவே கடைசியாகிவிடும். வேப்பெண்ணெய் புண்ணுக்கு நல்லது, ஆனால் இறகெங்கும் தடவினால் நுண்கிளைகள் ஒட்டிக்கொண்டு தண்ணீரை உள்ளே விட்டுவிடும். இறகுக்கு எண்ணெய் தேவை என்று நினைத்து அன்போடு தடவிய எண்ணெயே வாத்தை நனைத்துக் குளிரில் தள்ளிய கதை பல கொல்லைகளில் நடந்திருக்க வேண்டும். தன் எண்ணெயைத் தானே அளந்து பூசிக்கொள்ளும் பறவைக்கு வெளியிலிருந்து எண்ணெய் வார்ப்பது உதவியாகாது.

அரசின் கால்நடைக் கல்வி தென்சென்னையில்தான் வேர் விட்டது. சைதாப்பேட்டையில் 1876-ல் வேளாண்மைக் கல்வி தொடங்கியது. மதராஸில் கால்நடை மருத்துவப் படிப்பின் வரலாற்றை அதிலிருந்துதான் எண்ணுகிறார்கள். 1903 அக்டோபர் 1 அன்று மதராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி 20 மாணவர்களோடு தொடங்கியது. வேப்பேரியில் அது ஊன்றி வளர்ந்து, 1935-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அந்தக் காலத்தின் கவலை குதிரையும் உழவு மாடும். மந்தை மந்தையாகக் கொன்ற வெக்கை நோய்தான் மருத்துவர்களின் இரவுத் தூக்கத்தைக் கெடுத்தது. இராணிப்பேட்டையில் 1932-ல் தடுப்பு மருந்து நிலையம் வந்ததும் அந்தப் போராட்டத்தின் பகுதியே. கொல்லை வாத்தின் உதிர்ந்த இறகு யாருடைய மேசைக்கும் வரவில்லை.

அதற்குள் தண்ணீர் போகத் தொடங்கியது. நகரம் பெருகியதால் 1923 வாக்கில் லாங் டேங்க் ஏரியை வற்றவைத்து மாம்பலம் குடியிருப்புத் திட்டம் தொடங்கியது. பிட்டி தியாகராயரின் பெயரில் புது நகர் எழுந்தது. ஏரியின் மிச்சமாக மாம்பலம் கால்வாய் மட்டும் நந்தனம் வழியே அடையாற்றை நோக்கி ஓடியது. வாத்துக்கு இனி ஏரி இல்லை, கொல்லைத் தொட்டிதான். மண் தரை போய்ச் சிமெண்டு தரை வந்ததும் முன்பு அரிதாக இருந்த ஒரு நோய் பெருகியது: உள்ளங்கால் வீக்கம். சேற்றுக்கும் தண்ணீருக்கும் என்று அமைந்த மெல்லிய பாதத்தோல் கடினத் தரையில் தேய்ந்து வெடிக்கும். வெடிப்பில் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி நுழையும். கால் நடுவில் கறுப்புப் பொருக்கும் அதற்கடியில் கட்டியும் தோன்றும், வாத்து நொண்டும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்துப் பொருக்கை இளக்கி, மருந்திட்டுக் கட்டி, வைக்கோல் பரப்பிய இடத்தில் வைப்பதே அதற்கு முறை. தரையை மாற்றாவிட்டால் காலில் போடும் மருந்து வீண்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தன தூள் மருந்துகள். டி.டி.டி.யும் பி.எச்.சி.யும் மனிதத் தலைமுதல் கோழிக் கூண்டுவரை எங்கும் தூவப்பட்டன. செள்ளு ஒரே நாளில் செத்தது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் வாத்து கோதும் பறவை. தூவிய தூளில் ஒரு பங்கு அலகுவழியே வயிற்றுக்குப் போகும். கொழுப்பில் தங்கும் நஞ்சு இது; வாத்தோ கொழுப்பு மிகுந்த பறவை. முட்டை மஞ்சளுக்கும் அது வந்து சேரும். இந்தியாவில் வேளாண்மைக்கு டி.டி.டி. 1989-ல் தடைசெய்யப்பட்டது, பி.எச்.சி. 1997-ல் நின்றது. இடையிலிருந்த ஐம்பது ஆண்டுகள் கொல்லைப் பறவை வளர்ப்பில் மிகவும் வருந்தத்தக்க காலம்.

தண்ணீரின் தன்மையும் மாறியது. 1876–78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து மயிலாப்பூர் வழியே வெட்டிய பக்கிங்காம் கால்வாய் சாக்கடையாகிப் போனது. 1959-ல் இந்தியச் சந்தைக்கு ‘சர்ஃப்’ வந்தது. அடுத்த பத்தாண்டுகளில் சலவைத் தூள் நடுத்தர வீட்டுப் பொருளாயிற்று. சலவைத் தூள் கலந்த தண்ணீருக்கு மேற்பரப்பு இழுவிசை குறைவு, அதனால் இறகின் நுண்கிளைகளுக்கிடையே எளிதில் நுழைந்துவிடும். அப்படிப்பட்ட நீரில் இறங்கிய வாத்து கரையேறும்போது துணி போல நனைந்து, மார்பு தரையில் படிய நடக்கும். அதே வகைப் பொருள் மருந்தாகவும் ஆனது: 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது கூழைக்கடாக்கள் இறகெல்லாம் கறுத்து நின்றன. எண்ணெய் படிந்த பறவையைப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெந்நீரில் கழுவி, அதன் சுவடு துளியும் தங்காதபடி திரும்பத் திரும்ப நல்ல நீரில் அலசுவதே உலகெங்கும் கையாளும் முறை.

கோழி இனப் பறவைகளுக்கான அறிவியல் தென்சென்னைக்குத் திரும்பியது நந்தனத்தில். அங்கிருந்த கோழி ஆராய்ச்சி நிலையம் பெயர் பெற்றது. நந்தனம் கோழி, நந்தனம் காடை, நந்தனம் வான்கோழி என்று இனங்களே ஊர்ப் பெயரைச் சுமந்தன. 1989-ல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தனியே உருவானது. தீனிக்கும் தோலுக்கும் உள்ள தொடர்பு அதற்கு முன்பே தெளியத் தொடங்கியிருந்தது. கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சை 1960-ல் இங்கிலாந்தில் வான்கோழிகளின் சாவு வெளிக்காட்டியது. வாத்துக் குஞ்சை அந்த நஞ்சு மிக எளிதில் தாக்கும். கால் தோல் ஊதா நிறமாகும், இறகு சரியாக முளைக்காது. பிண்ணாக்கு வழக்கமான தீனியாக இருக்கும் தமிழ்நாட்டில் பூசணம் கண்ட மூட்டையைக் கொட்டிவிடுவதுதான் முதல் சிகிச்சை. சோறும் ரொட்டியும் அளவுக்கு மீறிப் போட்டு வேகமாக வளர்த்த குஞ்சின் இறக்கை நுனி வெளிப்பக்கமாகத் திரும்பிக்கொள்வதும் இத்தகைய தீனிக் கோளாறோடு சேர்ந்தது. குஞ்சாக இருக்கும்போதே கண்டு, இறக்கையை மடித்துச் சில நாட்கள் மென்மையாகக் கட்டி, தீனியைத் திருத்தினால் சரியாகும். எலும்பு முற்றிய பிறகு வழியில்லை.

பறவையின் வலியும் வலிதான் என்ற எண்ணத்துக்குச் சட்ட வடிவம் கிடைத்ததில் அடையாற்றுக்குப் பங்கு உண்டு. கலாக்ஷேத்திராவின் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் போராடியதன் பயனாக 1960-ல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. மனிதரல்லாத எந்த உயிரும் விலங்கு என்று அந்தச் சட்டம் வரையறுக்கிறது. வாத்தும் அதில் அடங்கும். கேப்டன் வி. சுந்தரம் 1959-ல் தொடங்கிய புளூ கிராஸ் இயக்கமும் அக்காலத்துப் பிறப்பே.

இன்று பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாத்துக் குஞ்சு வாங்கி மொட்டை மாடியில் வளர்ப்பவர்களிடம் மருந்துக்குப் பஞ்சமில்லை. 1980களில் புழக்கத்துக்கு வந்த ஐவர்மெக்டின் நுண் உண்ணிச் சொறிக்கு நன்கு வேலை செய்கிறது. ஆனால் வாத்துச் செள்ளு இரத்தம் குடிப்பதில்லை, இறகையும் தோல் துகளையும் கடித்துத் தின்கிறது. எனவே அதற்கு இறகின்மேல் தூவும் பெர்மெத்ரின் தூளே பொருந்தும். எதுவானாலும் அளவையும், எத்தனை நாள் முட்டையை உண்ணக்கூடாது என்பதையும் கால்நடை மருத்துவரே சொல்ல வேண்டும். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி மரபு வைத்தியத்தை ஒழுங்குபடுத்தி வகுத்த முறைகளில் பூண்டு, வேப்பிலை, வசம்பு, மஞ்சள், துளசி, உண்ணிச்செடி இலை ஆகியவை உண்ணிக்குச் சேர்கின்றன. பழைய கொல்லை மருந்துகள் அளவோடு மறுபடி வந்திருக்கின்றன.

மருந்துக்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. வாத்து ஆண்டுக்கு ஒரு முறையாவது இறகு உதிர்க்கும். பறக்கும் இறகுகள் ஒரே சமயத்தில் விழுந்து, இறக்கையில் நீலக் குருத்துகள் முளைத்திருப்பது நோயல்ல. தோல் சிவக்காமல், வாத்து தீனி எடுத்துக்கொண்டிருந்தால் அதை அப்படியே விட்டுவிடலாம். நனையும் இறகு வேறு: மார்புத் தூவி திரி திரியாகத் தொங்கும், கழுத்தடி ஈரமாகவே கிடக்கும். அப்போது தலை முழுதும் முங்கும் ஆழத்தில் அன்றாடம் மாற்றிய நல்ல தண்ணீரும், இரவில் உலர்ந்த வைக்கோலும் தந்து காத்திருக்க வேண்டும். சிதைந்த இறகு சீராவதில்லை, அடுத்த உதிர்வில் புது இறகு முளைத்தால்தான் தண்ணீர் மீண்டும் முதுகில் முத்துகளாக உருளும்.