தாதி கண்ட மஞ்சள் முக்கோணம்

பிறந்த குழந்தையின் மேனியில் மஞ்சள் படர்வதை நம் தாய்மார் நெடுங்காலமாக அறிவர். செங்கண்மாரி என நாம் வழங்கும் இக்குறி பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் நாளில் தோன்றித் தானே மறையும். குருதியின் செந்துணிக்கைகள் சிதையும்போது உண்டாகும் பிலிரூபின் என்னும் மஞ்சட் பொருளை, முதிராத ஈரல் விரைந்து அகற்ற இயலாமையே இதன் காரணம். ஆயின், அது அளவு கடந்தால் மூளையைத் தாக்கும். பிழைத்த குழந்தையும் செவிப்புலனை இழக்கக்கூடும். முன்னாளில் நோய் முற்றியபோது, குழந்தையின் குருதியையே மாற்றி ஏற்றுவதே வைத்தியர் கைக்கொண்ட வழி.

இந்நிலையை மாற்றியது ஒரு தாதியின் கூரிய பார்வை. இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியிலுள்ள றொச்போட் வைத்தியசாலையில் குறைமாதக் குழந்தைகளைப் பராமரித்தவர் வார்ட் என்னும் தாதி. வெயில் நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டு செல்வது அவர் வழக்கம். 1956 ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு நாள், பார்வையிட வந்த வைத்தியருக்கு ஒரு குழந்தையைத் தயங்கித் தயங்கிக் காட்டினார். உடல் வெளிறியிருக்க, முக்கோண வடிவான ஓரிடம் மட்டும் கடும் மஞ்சளாய் இருந்தது. ஏதேனும் மருந்து பூசியதோ என ஐயுற்றார் வைத்தியர். உண்மையில், துணியின் மூலை வெயிலை மறைத்த இடம் அது!

சில வாரங்களின் பின், யன்னலோரம் வெயிலில் இருந்துவிட்ட குருதிக் குழாயிலும் பிலிரூபின் எதிர்பார்த்ததிலும் குறைந்திருந்தது. இரண்டையும் இணைத்து நோக்கிய வைத்தியர் கிறெமரும் துணைவரும் ஒளிவிளக்குகளைக் கொண்டு சோதித்து, 1958 இல் 'லான்செற்' சஞ்சிகையில் முடிவை வெளியிட்டனர். எனினும், 1968 இல் அமெரிக்காவில் லூசி குழுவினரின் ஆய்வு வெளிவந்த பின்னரே அம்முறை பரவலாயிற்று. இன்று வைத்தியசாலைகளில் ஒளிரும் நீல விளக்குகள் அதன் வழிவந்தவையே.

இக்கதை கேட்டு, இளவெயிலே போதுமென எவரும் எண்ணற்க. வீட்டு வெயிலின் அளவை எவரும் அறியார். மென்தோலை அது சுடவும் கூடும். செவிகேளா மாணவன் ஒருவனை நான் கற்பித்ததுண்டு. "வெயிலிற் காட்டினோம், மாறிவிடும் என்றிருந்தோம்" என்று அவன் தாய் கூறியது இன்றும் என் நெஞ்சை விட்டகலவில்லை.

பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் தோன்றினாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவினாலோ, குழந்தை பாலுண்ணாது சோர்ந்து உறங்கினாலோ, அன்றே வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். மலம் வெளிறினாலும், இரு வாரங்களின் பின்னும் மஞ்சள் நீடித்தாலும் அவ்வாறே செய்யுங்கள். பகல் வெளிச்சத்தில் கண்வெள்ளையையும் முரசையும் பாருங்கள். தயங்கியேனும் அத்தாதி காட்டினார். நீங்கள் தயங்காமலே காட்டுங்கள்.