பஞ்ச காலத்தில் 'நிவாரணப் பணி': ஒரு சொல்லின் வரலாறு

'நிவாரணப் பணி' என்னும் தொடர் இன்று உதவுவோர் செய்யும் பணியைக் குறிக்கிறது. தாது வருடப் பஞ்சம் எனப்படும் 1876-78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்திலோ அது உதவி பெறுவோர் செய்த பணியாகும். உடல்வலிமை உடையோர் மண் வெட்டியே உணவு பெற்றனர். சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அவ்வாறு அமைந்ததேயாம்.

இவ்வேலை தேவையை அளக்கும் சோதனையாகவும் கருதப்பட்டது. வேறு வழியற்றோரே கடும் உழைப்புக்கு உடன்படுவர் என்பது அதன் அடிப்படை. இக்கருத்து இங்கிலாந்தின் 1834ஆம் ஆண்டு வறியோர் சட்டத்திலும் காணப்படுவது.

1877 சனவரியில் இந்திய அரசின் சார்பில் சென்னைக்கு வந்த ரிச்சர்டு டெம்பிள், ஆடவரின் நாட்கூலியை 1 பவுண்டு தானியமும் சிறுகாசும் எனக் குறைக்கச் செய்தார். உழைப்பவருக்கு இது போதாதென மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதிட்டார். பின்னர் அளவு உயர்த்தப்பட்டது.

கூலியெனின் அது உழைப்புக்கு ஈடாதல் வேண்டும்; உதவியெனின் அதற்கு உழைப்பை விலையாகக் கேட்டல் பொருந்தாது. அன்று வழங்கப்பட்டது இரண்டின் பெயரையும் தாங்கி, இரண்டாகவும் அமையவில்லை. ஆதலின் அக்கால ஆவணங்களைப் பெயர்ப்போர் 'நிவாரணப் பணி' என்று மட்டும் எழுதின், பசித்தோரின் உழைப்பு உதவியோரின் தொண்டாக மாறிவிடும். 'நிவாரணத்திற்கான உழைப்பு' என்பதே அங்குப் பொருந்தும்.