மூன்று வயதின் பந்தயம்: எப்சம் டெர்பியின் வரலாற்றில் வயது விதி

1769 மே 3 அன்று இங்கிலாந்தின் எப்சம் மேட்டுவெளியில் எக்லிப்ஸ் என்ற குதிரை முதன்முறையாகப் பந்தயத்தில் இறங்கியது. அப்போது அதற்கு வயது ஐந்து. பந்தய தூரம் நான்கு மைல். ஒருமுறை ஓடி முடித்தால் போதாது. சற்று இளைப்பாறிவிட்டு அதே தூரத்தை அன்றைக்கே மீண்டும் ஓட வேண்டும். இரண்டு சுற்றிலும் எக்லிப்ஸே வென்றது. பதினோரு ஆண்டுகள் கழித்து, 1780 மே 4 அன்று, அதே மேட்டுவெளியில் ஒன்பது குதிரைகள் ஓடின. எல்லாமே மூன்று வயதுக் குட்டிகள். ஒரே ஓட்டம், ஒரே மைல். அதுதான் முதல் டெர்பி.

டெர்பியின் வரலாற்றை எழுதியவர்களில் பலர் பிரபுக்களின் கதையாகவோ வென்ற குதிரைகளின் வரிசையாகவோ எழுதிச் சென்றிருக்கிறார்கள். என் பார்வையில் அது ஒரு விதியின் வரலாறு. ஒரு குதிரை தன் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான், மூன்று வயதில்தான், இந்தப் பந்தயத்தில் ஓடலாம் என்பதே அந்த விதி. குதிரை வளர்ப்பு, வாணிகம், மோசடி, அதைப் பிடிக்க வந்த சட்டம் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவைதான்.

பழைய முறை முதிர்ந்த குதிரைக்கு உரியது. சுமை தாங்கும் எலும்பும் நெடுந்தூரம் தாக்குப்பிடிக்கும் மூச்சும் அதில் சோதிக்கப்பட்டன. ஆனால் ஒரு குதிரையை ஐந்தாறு ஆண்டுகள் தீனி போட்டு வளர்த்த பிறகே அதன் தரம் தெரியும். இளங்குதிரைப் பந்தயத்தில் அந்தக் காத்திருப்பு குறைந்தது. உரிமையாளர்கள் ஆளுக்கு 50 கினி (அக்கால ஆங்கிலப் பொற்காசு) கட்ட, சேர்ந்த தொகை வென்றவருக்குப் போனது. குட்டிகளின் முந்தைய ஓட்டங்கள் குறைவு என்பதால் எது வெல்லும் என்று சொல்வது கடினம். பந்தயப் பணம் கட்டுபவர்களுக்கு அதுவே கவர்ச்சி. 1776-இல் டான்காஸ்டரில் செயின்ட் லெஜர் இந்த வழியைத் திறந்தது. 1779-இல் 12-ஆம் டெர்பி பிரபு எட்வர்ட் ஸ்மித் ஸ்டான்லியின் வட்டத்தில், மூன்று வயதுப் பெண்குட்டிகளுக்கான ஓக்ஸ் பந்தயம் எப்சமில் தொடங்கியது. அதன் வெற்றி தந்த ஊக்கத்தில் அடுத்த ஆண்டே டெர்பி பிறந்தது.

பந்தயத்துக்கு யாருடைய பெயரை வைப்பது என்று பிரபுவும் அவருடைய நண்பர் சர் சார்ல்ஸ் பன்பரியும் காசு சுண்டிப் பார்த்தார்கள் என்பது செவிவழிக் கதை. அதை வரலாறாகக் கொள்ள நான் தயங்குகிறேன். பன்பரியின் டயோமெட் முதல் டெர்பியை வென்றது மட்டும் ஐயமில்லாத செய்தி. அந்த ஆண்டு ஆண்குட்டியின் முதுகில் 8 ஸ்டோன், அதாவது சுமார் 51 கிலோ எடை. பெண்குட்டிக்கு 3 பவுண்டு சலுகை.

1784-இல் தூரம் ஒன்றரை மைலாக நீட்டப்பட்டது. அதன்பின் எப்சம் பாதை இளங்குதிரைக்குக் கடுமையான தேர்வாகிவிட்டது. தொடக்கத்திலேயே சுமார் 40 மீட்டர் ஏற்றம்; அது முடிந்ததும் டாட்டன்ஹாம் வளைவை நோக்கி வேகமான இறக்கம்; கடைசி நேர்பாதையோ உள்வேலிப் பக்கமாகச் சரிந்து கிடக்கும்; முடியும் இடத்தில் மறுபடி சிறு மேடு. களைத்த குட்டி அந்தச் சரிவில் தானாகவே வேலியை நோக்கி ஒதுங்கும். அதை நேராகப் பிடித்து ஓட்டுவதில்தான் ஜாக்கியின் திறமை இருக்கிறது. இந்தப் பாதையில் ஒன்பது முறை வென்ற லெஸ்டர் பிகட்டுக்கு இணை இன்றுவரை இல்லை.

வயதே தகுதி என்றானபின் வயதை நிரூபிப்பது எப்படி? 1791-இல் வெதர்பி குடும்பத்தார் வம்சாவளிப் பதிவேட்டைத் தொடங்கினார்கள். எந்தத் தாய்க்கும் தந்தைக்கும் எந்த ஆண்டு பிறந்த குட்டி என்று அதில் எழுதியிருக்கும். ஆனால் களத்தில் நிற்கும் குதிரை அந்தக் குட்டிதானா என்று ஏடு சொல்லாது. அதற்கு உரிமையாளரின் வாய்ச்சொல்லும் லாயக்காரரின் சாட்சியமுமே ஆதாரம். இந்த ஓட்டை 1844-இல் ஊரறிய வெளிப்பட்டது.

அந்த ஆண்டு மே 22 அன்று ரன்னிங் ரெய்ன் என்ற பெயரில் ஒரு குதிரை டெர்பியில் முதலாவதாக வந்தது. உண்மையில் அது மக்காபியஸ் என்ற நான்கு வயதுக் குதிரை. குட்மன் லெவி என்ற சூதாடி, அதன் குட்டிப் பருவத்திலேயே ஆள்மாறாட்டத்தைத் திட்டமிட்டிருந்தார். முந்தைய ஆண்டு நியூமார்க்கெட்டில் இதே குதிரை இரண்டு வயதுக் குட்டிகளோடு ஓடி வென்றபோது ரட்லண்ட் பிரபு ஆட்சேபித்தார். குட்டி பிறந்தபோது உடனிருந்ததாக லாயத்துப் பையன் சொன்ன சாட்சியத்தால் ஆட்சேபம் தள்ளுபடியானது. டெர்பிக்கு முன்பும் குதிரை உரிமையாளர் லார்டு ஜார்ஜ் பென்டிங்க் முதலியோர் எழுத்து மூலம் எச்சரித்தார்கள். ஓடட்டும், வென்றால் விசாரிப்போம் என்றார்கள் மேற்பார்வையாளர்கள்.

வழக்கு ஜூலை 1 அன்று லண்டனில் நீதிபதி ஆல்டர்சன் முன் வந்தது. உரிமையாளராகப் பெயர் கொடுத்திருந்த எப்சம் தானிய வணிகர் வுட், இரண்டாவதாக வந்த ஆர்லாண்டோவின் உரிமையாளர் கர்னல் பீல்மீது தொடுத்த வழக்கு அது. நம் மாட்டுச் சந்தையில் இரண்டு பல், நாலு பல் என்று பார்த்து வயது சொல்வார்களே, குதிரைக்கும் கணக்கு அப்படித்தான். சுமார் இரண்டரை வயதில் முன்வரிசையின் நடு இரண்டு பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். மூன்றரையில் பக்கத்து இரண்டு. நான்கரையில் கடைசி இரண்டு. வாயைத் திறந்தாலே ஓராண்டு வேறுபாடு தெரிந்துவிடும். அதனால் ஆல்டர்சன் சாட்சிகளின் பேச்சோடு நிற்காமல் குதிரையைக் கொண்டுவரச் சொன்னார். குதிரை வரவில்லை, அதற்குள் அதை எங்கோ கடத்திவிட்டிருந்தார்கள். வழக்கு விழுந்தது, பரிசு ஆர்லாண்டோவுக்குப் போனது. அதே பந்தயத்தில் கால் முறிந்து கொல்லப்பட்ட லியாண்டரும் மூன்று வயதைக் கடந்த குதிரைதான் என்று பின்னர் தெரியவந்தது. ஒரே டெர்பியில் இரண்டு போலிகள்!

இந்த மோசடியை உடைத்ததில் பெரும்பங்கு பென்டிங்குக்கு உரியது. அவருக்கு டெர்பி வெற்றி கைகூடவே இல்லை. 1846-இல் அரசியலுக்காகத் தம் குதிரைகள் அனைத்தையும் விற்றார். அவற்றில் இருந்த சர்ப்லிஸ் என்ற குட்டி 1848-இல் டெர்பியை வென்றது. அதே ஆண்டு செப்டம்பரில் அவர் காலமானார். பந்தயக் களத்தை ஒழுங்குபடுத்த அவர் செய்தவற்றை நினைக்கும்போது இந்தச் செய்தி இன்றும் மனத்தை வருத்துகிறது.

வயதைக் கணக்கிடும் நாளும் ஏறத்தாழ அக்காலத்தில்தான் மாறியது. முன்பு மே 1 அன்று எல்லாக் குதிரைகளுக்கும் ஒரு வயது கூடும். 1830-களில் நியூமார்க்கெட்டிலும் பிறகு மற்ற களங்களிலும் அது ஜனவரி 1 ஆனது. குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதம். இயற்கையாக அது வசந்தத்தில் ஈனும். ஜனவரியில் பிறந்த குட்டியும் மே மாதத்தில் பிறந்த குட்டியும் ஏட்டில் ஒரே வயது என்றால், முன்னது எப்சமில் நான்கு மாத வளர்ச்சியைக் கூடுதலாகப் பெற்று நிற்கும். எனவே ஆண்டின் தொடக்கத்திலேயே குட்டி பிறக்கும்படி வளர்ப்பவர்கள் காலத்தை முன்னே இழுத்தார்கள். ஒரு பந்தய விதி ஓர் உயிரினத்தின் பேறுகாலத்தையே நகர்த்தியது.

மூன்று வயதிலேயே உச்சப் புகழ் கிடைத்துவிட்டால் அதன்பின் குதிரையின் விலை அதன் விந்தில்தான். காயடித்த குதிரைகளுக்கு டெர்பியில் இடமில்லாததும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. டயோமெட்டை 1798-இல், 21-ஆம் வயதில், வெறும் 50 கினிக்கு அமெரிக்காவுக்கு விற்றார்கள். வர்ஜீனியாவில் அதற்குப் பிறந்த சர் ஆர்ச்சி அந்நாட்டுப் பந்தயக் குதிரை மரபுக்கே அடித்தளமானது. ஆகா கானின் பிளென்ஹைம் 1930-இல் டெர்பியை வென்று, பிறகு கென்டக்கிக்கு விற்கப்பட்டு, 1941-இன் அமெரிக்க மும்முடி (டிரிபிள் கிரவுன்) வீரன் வெர்ல்அவேயின் தந்தையானது. 2001-இல் வென்ற கலிலியோவின் குட்டிகள் ஐந்து டெர்பிகளை வென்றன.

இந்தியத் தொடர்பும் உண்டு. 1934-இல் ராஜ்பிப்லா மகாராஜா விஜயசிங்ஜியின் விண்ட்சர் லேட் எப்சமில் வென்றது. அந்த வெற்றி ஒரு சுதேச மன்னரின் பெருமையாக இந்தியாவில் கொண்டாடப்பட்டது. அவர் அதைப் பிறகு 50,000 பவுண்டுக்கு விற்றார். 1943-இல் மும்பை மகாலட்சுமியில் தொடங்கிய இந்தியன் டெர்பி எப்சமின் பெயரையும் தூரத்தையும் எடுத்துக்கொண்டது. வயது விதியை மட்டும் இங்குள்ள பருவத்துக்கேற்ப அமைத்துக்கொண்டது. குளிர்காலப் பந்தயம் என்பதால் அது பிப்ரவரியில் நடக்கிறது. 2400 மீட்டர் ஓடும் அந்தக் குதிரைகளுக்கு வயது நான்கு.