மடக்கு நாற்காலியும் அதன் பெயரும்

கால்களை எண்ணி இருக்கைகளுக்குப் பெயரிட்டது தமிழ்: முக்காலி, நாற்காலி. ஆயின், கித்தான் துணி கட்டி வெளியிடங்களில் விரித்து அமரும் மடக்கு இருக்கையை நாற்காலி எனலாமா? அதன் கால்கள் குறுக்காக நிற்கின்றன. சிலவற்றில் சட்டங்களே தரையைத் தொடுகின்றன. ஆதலால் 'மடக்கு நாற்காலி' என்பது பிழை என வாதிடுவோர் உண்டு.

பிரெஞ்சு மொழியில் கைப்பிடியுள்ள பெரிய நாற்காலிக்கு 'ஃபோத்தேய்' என்று பெயர். அது மடங்குவதில்லை. எனினும் அச்சொல்லின் மூலம், 'மடக்கு இருக்கை' எனப் பொருள்படும் பழைய பிராங்கியச் சொல்லே. மடக்கு இருக்கை அன்று எளியோர்க்கு உரியதன்று. உரோமானிய உயரதிகாரிகள் குறுக்குக்கால் இருக்கையில் அமர்ந்தனர். இடைக்கால ஆயர்களும் தம் அரியணையில் அமராதபோது மடக்கு இருக்கையைப் பயன்படுத்தினர். அதிகாரம் பயணம் செய்தது. இருக்கையும் உடன் சென்றது. 7-ஆம் நூற்றாண்டு மன்னன் டகோபேரின் பெயரால் வழங்கும் வெண்கல இருக்கை இதற்குச் சான்று. மடக்கு இருக்கையாய்ப் பிறந்த அதற்குப் பின்னாளில் முதுகும் கைகளும் சேர்த்தனர். 1804-இல் பூலோன் படைமுகாமில் நெப்போலியன் விருதுகள் வழங்கியபோது அமர்ந்தது அதில்தான். இன்று அது பாரிசு தேசிய நூலகத்தில் உள்ளது.

ஆங்கிலேயரின் இந்தியப் படைக்கும் இத்தகைய இருக்கை தேவைப்பட்டது. பொறியாளர் படை தங்கியிருந்த ரூர்க்கியின் பெயரால் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு கித்தான் நாற்காலி புகழ்பெற்றது. அது மடங்குவதன்று, பிரிவது. ஆணியும் இல்லை, பசையும் இல்லை. கூம்பிய குறுக்குக் கட்டைகள் கால்களின் துளைகளில் செருகப்படும். அமர்பவரின் எடையே கித்தானை இழுத்து மூட்டுகளை இறுக்கும். மூட்டுகள் சற்று அசைந்து கொடுப்பதால் மேடுபள்ளத்திலும் நான்கு கால்களும் ஊன்றி நிற்கும். எண்ணிப் பார்த்தாலும் அது நாற்காலியே!

மற்றவற்றையும் அவ்வாறே அழைப்பதில் பிழை காண வேண்டா என்பதே நம் கருத்து. சக்கரங்களில் உருளும் அலுவலக இருக்கையையும் நாம் நாற்காலி என்றே சொல்கிறோம். கித்தானின் கதையும் இதுவே. அச்சொல்லை, ஆளிச்செடியைக் குறிக்கும் 'கத்தான்' என்னும் அரபுச் சொல்லோடு தொடர்புபடுத்துவர். ஆங்கிலக் 'கான்வாஸ்' கஞ்சாச் செடிக்குரிய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இன்றைய நாற்காலித் துணி சிலபோது பருத்தி. சிலபோது செயற்கை இழை. அதற்காக எவரும் கித்தானுக்குப் புதுப்பெயர் கேட்டதாக நாம் அறியோம்.